ஒரு ஸ்கேனர், மூணு லேப்டாப்

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா, தென்காசியில ஆச்சி வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளயும் ஈரம் ஏறிடும். இந்தத் தடவை தாத்தாவோட நிலப் பத்திரங்கள்ல பூஞ்சை. எங்க கையில ஒரே ஸ்கேனர், லேப்டாப்போட மூணு பேர். "ஒரு மெஷினுக்கு மூணு பேரு எதுக்குலே?"ன்னு ஆச்சி கேட்டாங்க.

பதில் 1990கள்ல இருக்கு. 1992-ல வந்த ட்வெயின் முறையில ஸ்கேனர் டிரைவரும், நாம பட்டன் அழுத்துற திரையும் ஒட்டிப் பிறந்தவை. ரெண்டையும் வேற வேற கம்ப்யூட்டர்ல வைக்கிறது பெரும்பாடு. சில வருஷத்துல டேவிட் மோஸ்பெர்கரும் ஆண்ட்ரியாஸ் பெக்கும் லினக்ஸ், யூனிக்ஸ் பக்கம் உருவாக்கின 'சேன்' அதைப் பிரிச்சது. என்னைக் கேட்டா, அந்த ஒரு முடிவுதான் பெரிய விஷயம். பிரிச்சதால நடுவுல நெட்வொர்க்கை நுழைக்க முடிஞ்சது.

நுழைக்கிற வேலையை 'சேன்-டி' செய்யுது. அந்த 'டி', டீமன், பின்னணிச் சேவை. 6566 போர்ட்டுக்கு யாராவது கூப்பிட்டா மட்டும் எழுந்திருக்கும்படி வைக்கலாம். யாருக்கு அனுமதின்னு அதோட கான்ஃபிக் ஃபைல்ல எழுதணும், மத்த லேப்டாப்புகள்ல சர்வர் முகவரியை எழுதணும், அவ்வளவுதான்.

ஆனா எனக்கு ஸ்கேனர் பேர் தெரிஞ்சது, பக்கம் வரல. அரை நாள் போச்சு. படம் வேற போர்ட்டுல வருதாம், ஃபயர்வால் மறிச்சிருக்கு. போர்ட் வரம்பைக் குறிச்சுத் திறந்தேன். தரவு மறைகுறியாக்கம் இல்லாமப் போகுது, அதனால வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி விடல.

சாயங்காலம் திரையில முதல் பத்திரம். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. "அவுக கையெழுத்துதாம்லே."