விழிவெளிப்படல அழற்சி

கண்ணில் வெள்ளையாகத் தெரியும் கெட்டியான சுவர் ஸ்கிளீரா எனப்படும் விழிவெளிப்படலம். அதில் ஏற்படும் அழற்சியை மருத்துவர்கள் ஸ்கிளீரைட்டிஸ் என்பார்கள். கண்கோளத்தின் ஆறில் ஐந்து பங்கை மூடியிருக்கும் இந்தச் சுவர், கொலாஜன் இழைகள் பின்னி உருவானது. பின்புறத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் இருக்கும், கண்ணை அசைக்கும் நேர்த்தசைகள் ஒட்டும் இடத்துக்குப் பின்னால் 0.3 மி.மீ.தான். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதிலும் பெண்களிடம், இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

கண் சிவந்தாலே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவுகட்டி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குவது நம் வழக்கம். மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் பீளையும் இருக்கும்; ஸ்கிளீரைட்டிஸில் இருப்பது குடைச்சல். நெற்றிப்பொட்டு, தாடை வரை பரவி, நடு இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி அது. விழியை அசைத்தாலும் இமைமேல் லேசாக அழுத்தினாலும் கூடும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்போடு ஊதா சாயலும் தெரியும். ஃபினைல்எஃப்ரின் சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் மேலோட்டமான ரத்தக்குழாய்கள் சுருங்கி வெளுத்துவிடும்; ஆழத்தில் உள்ள அழற்சிச் சிவப்பு அப்படியே நிற்கும். எளிமையான இந்தச் சோதனையே பல நேரம் வழிகாட்டுகிறது.

வாட்சனும் ஹேரேயும் 1976இல் செய்த வகைப்பாடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முன்பகுதி அழற்சி பரவலாகவோ முடிச்சாகவோ வரலாம்; திசு அழுகும் வகையே கொடியது. இந்த அழுகல் வகையில் வலியும் சிவப்பும் இல்லாத ஒரு பிரிவு உண்டு. நெடுங்காலமாக முடக்குவாதத்தால் அவதிப்படும் முதியவர்களுக்கு அது வரும். வெண்மை மெலிந்து, உள்ளிருக்கும் கருநீலப் படலம் தெரியத் தொடங்கும். வலிக்காததால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பின்பகுதி அழற்சியில் வெளியே கண் வெள்ளையாகவே இருக்கலாம். பார்வை மங்குவதும் வலியுமே அடையாளம். அல்ட்ராசவுண்ட் படத்தில் சுவர் தடித்திருப்பதும் அதன் பின்னால் நீர் கோத்திருப்பதும் தெரியும்.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலில் வேறொரு நோய் இருக்கும். முதலிடம் முடக்குவாதத்துக்கு. ரத்தக்குழாய் அழற்சி நோய்கள், லூபஸ், குடல் அழற்சி ஆகியவையும் காரணமாகலாம். சிலருக்குக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதனால் மூட்டு, மூச்சு, சிறுநீர் பற்றியெல்லாம் கண் மருத்துவர் துருவிக் கேட்பதில் வியப்பில்லை. முடக்குவாதத்தோடு அழுகல் வகையும் சேர்ந்தவர்களில், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெறாதோரிடையே இறப்பு மிகுதி என்று 1984இல் ஃபாஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

கிருமிகளாலும் இது வரும்: காசநோய், சிபிலிஸ், அக்கி அம்மை. கண்ணில் வளர்ந்த சதையை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, சில சமயம் பல ஆண்டுகள் கழித்தும், சூடோமோனாஸ் பாக்டீரியா தாக்குவதுண்டு. மண்ணும் தூசியும் படும் வேலை செய்வோருக்குப் பூஞ்சைத் தொற்றும் வரலாம். கிருமித் தொற்றும் தன்னெதிர்ப்பு அழற்சியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். தொற்றுள்ள கண்ணில் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் கண்ணே பறிபோகலாம். சந்தேகம் இருந்தால் திசுவைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

அழற்சி பக்கத்துப் பகுதிகளுக்கும் பரவும். கருவிழி ஓரம் கரைந்து புண்ணாகலாம். கண் உள்ளழற்சி, கண் நீர் அழுத்த நோய், கண்புரை ஆகியவை தொடரலாம். பின்பகுதி அழற்சியில் நீர் கோத்து விழித்திரை பிரிவதுண்டு. சுவர் மெலிந்த கண், சிறு அடிபட்டாலும் கிழியக்கூடும்.

சொட்டு மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. மிதமான அழற்சிக்கு முதலில் இண்டோமெத்தசின், நாப்ராக்சன் போன்ற மாத்திரைகள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை ஆகாது. அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. அதை நெடுநாள் கொடுக்க முடியாது என்பதால் மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்றவற்றைச் சேர்த்து ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். நோயாளி தானாகத் திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும். அழுகல் வகைக்குத் தொடக்கத்திலேயே சைக்ளோஃபாஸ்ஃபமைடு அல்லது ரிட்டுக்சிமாப் தேவைப்படலாம். கண் ஓட்டையாகும் நிலையில், தானமாகப் பெற்ற ஸ்கிளீராத் துண்டை ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். உடலின் அழற்சி அடங்காவிட்டால் அந்த ஒட்டும் கரைந்துபோகும்.