டயரின் பக்கச்சுவர் ஓர் ஆவணம்: ஈஜிபுராச் சாலையில் ஒரு மாருதி 800

பெங்களூரு ஈஜிபுராவில் 2017இல் தொடங்கிய மேம்பாலப் பணி நடுவழியில் நின்றுபோக, ஆண்டுக்கணக்கில் தூண்களே சாலையின் அடையாளமாயின. தூண்களுக்கு இருபுறமும் குறுகிய பாதையில், குழிக்குக் குழி இறங்கி ஏறும் பழைய மாருதி 800இன் உரிமையாளருக்கு, டயர் தேயும்போது ஒரு கேள்வி எழுகிறது: பழைய அளவையே இடுவதா, சற்று உயரமானதை இடுவதா? கடைவாசலில் ஐந்து நிமிடத்தில் முடியும் இப்பேச்சுக்குப் பின்னே முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

அவ்வண்டிக்குரிய அளவு 145/70 ஆர் 12. டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். அதில் 70 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். ரிம்மின் விட்டம் 12 அங்குலம். 'ஆர்' என்பதை ஆரம் என்று படிப்போர் உளர். அது ரேடியல் என்பதன் முதலெழுத்து. உள்ளிழைகள் ஆரத்தின் போக்கில் செல்வதால் வந்த பெயராகையால், அப்பிழையும் முற்றிலும் பிழையன்று.

அம்பாசடரின் பழைய டயரில் 5.90-15 என்றும், பிரீமியர் பத்மினியில் 5.20-14 என்றும் இரண்டு எண்களே இருந்தன. உயரத்தைக் குறிக்கும் எண் இல்லை. குறுக்கிழை டயர்களின் வெட்டுமுகம் ஏறத்தாழ வட்டமாயிருந்ததால், அகலத்தைச் சொன்னாலே உயரமும் விளங்கிற்று. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பு பரவி, பக்கச்சுவர்கள் குட்டையாகத் தொடங்கிய பின்னரே உயரத்தைத் தனியே எழுத வேண்டியதாயிற்று. ஓர் எண் இல்லாமையும் வரலாற்றுச் சான்றே.

அகலம் மில்லிமீட்டருக்கு மாறியும் ரிம் அங்குலத்திலேயே தங்கிவிட்டது. அதையும் மாற்ற 1975இல் மிஷலின் முயன்றது. டி.ஆர்.எக்ஸ் என்னும் அவ்வகையில் ரிம்மின் விட்டம் 390 மில்லிமீட்டர் என்றவாறு அமைந்தது. அதை வாங்கியோர் வேறு டயர் இட வழியின்றிச் சிக்கிக்கொண்டனர். இந்தியா 1956இலேயே மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது என்பதும், இங்கும் ரிம் அங்குலத்தை விடவில்லை என்பதும் இத்துடன் வைத்து எண்ணத்தக்கவை.

ஈஜிபுராவின் கேள்விக்கு விடை இக்குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 145/70 ஆர் 12இன் முழு விட்டம் 507.8 மி.மீ. ஆல்ட்டோ 800இன் 145/80 ஆர் 12 அதே ரிம் விட்டத்துக்கு உரியது. அதன் முழு விட்டமோ 536.8 மி.மீ. வண்டி 14.5 மி.மீ. உயரும். குழிச் சாலையில் அது பெரிய ஆசைதான். ஆனால் சுற்றளவு 5.7 விழுக்காடு கூடுகிறது. 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு வேண்டாம் என்பது பொதுவழக்கு. வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 63ஐத் தாண்டியிருக்கும். 796 சி.சி. எஞ்சினின் இழுவை குறையும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கையில் டயர் மட்கார்டின் உட்புறத்தை உரசவும் கூடும்.

நெருங்கிய மாற்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. எஞ்சினைப் பின்னால் சுமந்த டாடா நேனோவுக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுகள். அதன் பின்டயரான 155/65 ஆர் 12இன் விட்டம் 506.3 மி.மீ.; மாருதியினதைவிட ஒன்றரை மில்லிமீட்டரே குறைவு. அகலம் 10 மி.மீ. கூடுவதால் ரிம்மின் அகலம் இடங்கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முன்டயரான 135/70 ஆர் 12 அப்படியன்று. அதன் சுமைக் குறியெண் 65, அதாவது ஒரு டயருக்கு 290 கிலோ. மாருதிக்குரிய 69 என்பது 325 கிலோ. ரிம்மில் ஏறும், சுமை தாங்காது. விலை குறைவென்று இதை வாங்குவதே உண்மையான ஆபத்து. கடைப்பேச்சில் சுமைக் குறியெண் அரிதாகவே இடம்பெறுகிறது.

மாருதி 800இன் உற்பத்தி 2014இலும் நேனோவினது 2018இலும் நின்றன. இவ்வளவுகள் இனி மாற்றுச் சந்தையை நம்பியே வாழ்கின்றன. மெல்ல விற்கும் சரக்கு அலமாரியிலேயே முதுமையடையும். எனவே பக்கச்சுவரின் நான்கிலக்க எண்ணையும் படிக்க வேண்டும்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவான டயர்.