ரேந்தை நூலும் விடுதலையும்

கைப்பணியைத் தருமமாக்கியோரின் வரலாற்றில் நாகர்கோவிலுக்குத் தனியிடம் உண்டு. 1819இல் லண்டன் மிஷன் ஊழியர் சார்ல்ஸ் மால்ட்டுடன் அங்கு வந்த அவரது மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். திண்டொன்றில் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்ணிய வேலை அது.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கவும் போராட வேண்டியிருந்தது. மதம் மாறிய பெண்களுக்கு 1814இல் கிடைத்த அனுமதிகூட, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அணிந்த குப்பாயத்துக்கே.

ரேந்தை விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்கு உதவியது. அடிமைப் பெண்கள் சிலர் கூலியைச் சேர்த்துத் தமது விடுதலையையே விலைக்கு வாங்கினர். அடிமை முறையை அரசு ஒழித்தது 1855இல்தான். மேலாடைப் பிரகடனம் வந்தது 1859இல்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் இத்தொழிலை வளர்த்தார். கணவரின் ஒப்பிலக்கணத்தை (1856) தமிழுலகம் அறியும். மனைவியின் பணியை அறிந்தோர் சிலரே. பின்னிய பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

மதம் பரப்புதலும் அப்பணியின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உழைத்தவளின் கையில் கூலி சேர்ந்தபோதே அந்தத் தருமம் விடுதலையாயிற்று. பன்பாய் இழைக்கும் எமது கரையோரப் பெண்களுக்கு உதவ நினைப்போர் மனங்கொள்ள வேண்டியது இதுவே.