பாரிசில் இரு தமிழர்

பாப்பாரப்பட்டியிலிருந்து பாரிசு எட்டாத் தொலைவென எண்ணும் மாணவர்களே! எம். எஸ். நரசிம்மன் 1932இல் பிறந்த தண்டரையும் ஒரு சிற்றூரே. சென்னை இலயோலாக் கல்லூரியில் அவருக்கும் சி. எஸ். சேஷாத்திரிக்கும் கணிதம் கற்பித்தவர், பாரிசில் பட்டம் பெற்ற இராசீன் பாதிரியார். பாரிசே முதலில் அவர்களைத் தேடி வந்தது எனலாம்!

பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்த இருவரும் 1957இல் பாரிசு ஏகினர். சேஷாத்திரி செவாலே என்னும் பேரறிஞரை அடுத்துப் பயின்றார். நரசிம்மனோ நுரையீரலுறை அழற்சியால் மருத்துவமனையிற் படுத்தார். அயல்நாட்டு நோய்ப்படுக்கை கொடிதன்றோ? ஆனால் உண்மையான பிரான்சை அங்கேதான் அறிந்ததாக அவர் பின்னர்க் கூறினார். நலமுற்று, இலோரான் சுவார்ட்சு முதலிய அறிஞரோடு பழகி ஆய்வைத் தொடர்ந்தார்.

1960இல் இருவரும் தாயகம் மீண்டனர். இயற்கணித வடிவியலையும் இடவியலையும் இணைத்து 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றத்தை உலகம் நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் என்றே வழங்குகிறது.