மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள்

1814ஆம் ஆண்டு எடின்பரோ மருத்துவ இதழ் ஒன்றில், டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் சிறு கட்டுரை எழுதினார். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டு மூட்டு பிசகிவிடுகிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். மூட்டு பிசகவில்லை, அதற்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிந்திருக்கிறது என்றார் காலிஸ். எக்ஸ்ரே வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டும் இழுத்தும் பார்த்து அவர் இதைக் கண்டுகொண்டார். முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் அந்த முறிவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. எலும்பு கோணலாகவே கூடினாலும், நாளடைவில் கை வலியில்லாமல் எல்லா அசைவுகளையும் திரும்பப் பெறும் என்றார். இது அளவு மீறிய நம்பிக்கைதான். பலருக்கு வலியும் விறைப்பும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. ஆனாலும் எலும்பின் நேர்த்தி வேறு, கையின் பயன் வேறு என்ற பாகுபாடு அதில் தெளிவாக இருக்கிறது. பின்வந்த மருத்துவம் அதைப் பலமுறை தவறவிட்டது.

டச்சு ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தெய்சென் 1851இல் உருவாக்கிய மாவுக்கட்டு, எலும்பை அசையாமல் நிறுத்த எளிய வழி தந்தது. 1895இல் வந்த எக்ஸ்ரே, எலும்பு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளக்க வைத்தது. படம் நேராக இருந்தால் சிகிச்சை வெற்றி என்ற எண்ணம் வேரூன்றியது.

அதன் விலையைக் காட்ட 'காட்டன்-லோடர் நிலை' ஒன்றே போதும். எலும்பு நழுவாதிருக்க, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுதும் மடக்கி, சுண்டுவிரல் பக்கம் சாய்த்துக் கட்டும் முறை அது. மணிக்கட்டை அப்படி மடக்கிக்கொண்டு விரல்களை இறுக மூடிப் பாருங்கள்: முடியாது. விரல்களை மடக்கும் தசைநார்கள் தளர்ந்துபோகின்றன. நீட்டும் தசைநார்கள் பின்னுக்கு இழுக்கின்றன. மணிக்கட்டுக் குகைக்குள் நடு நரம்பும் நசுங்குகிறது. வாரக்கணக்கில் அப்படிக் கிடந்த கை, எலும்பு கூடிய பிறகும் டம்ளரைப் பிடிக்க மறுத்தால் வியப்பில்லை. 1900இல் ஹாம்பர்க்கின் பால் சூடெக் இன்னொரு துயரத்தைப் பதிவு செய்தார்: காயத்துக்குப் பின் கை வீங்கி, வலித்து, எலும்பும் வலுவிழந்துபோகும் நிலை. பல்லாண்டுகள் அது அவர் பெயராலேயே அறியப்பட்டது.

மாற்றுக் குரல்களும் எழுந்தன. பாரிஸில் லூகா-ஷாம்பியோனியேர், முறிந்த உறுப்பைச் சீக்கிரமே அசைக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதாடினார். வியன்னாவில் 1925இல் விபத்து மருத்துவமனையைத் தொடங்கிய லொரென்ஸ் போலர் நடுவழியைக் காட்டினார்: முறிந்த இடம் அசையக்கூடாது, மற்ற மூட்டுகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். உள்ளங்கையின் குறுக்கு ரேகைக்குக் கீழேயே கட்டு நிற்க வேண்டும் என்ற இன்றைய விதியும் இந்த எண்ணத்தோடு ஒத்ததே. ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் விரலடி மூட்டுகள் மடங்காது; மடங்காமல் கிடந்தால் அவற்றின் பக்கவாட்டு இழைகள் சுருங்கிவிடும். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள பாடம் இதுதான்.

எதை வெற்றி என்பது? 1951இல் கார்ட்லாண்டும் வெர்லியும் 60 நோயாளிகளை ஆராய்ந்து, கோணலோடு வலியையும் அசைவையும் சேர்த்து மதிப்பெண் இட்டார்கள். 1990களில் கனடாவில் உருவான மணிக்கட்டு வினாத்தாள் நோயாளியிடமே கேட்டது: சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, கதவின் குமிழைத் திருப்ப முடிகிறதா, நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழ முடிகிறதா?

இந்த அளவுகோல் இல்லாமல், அறுவையா கட்டா என்ற அடுத்த கேள்விக்கு விடை கிடைத்திருக்காது. 2000க்குப் பின், எலும்பை நிலைநிறுத்த அறுவையில் உள்ளங்கைப் பக்கம் பொருத்தும் பூட்டுத் தகடு வேகமாகப் பரவியது. 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரிடம் இன்ஸ்ப்ரூக்கில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், தகடு வைத்தவர்களின் எக்ஸ்ரே நேராக இருந்தது, பிடிவலுவும் கூடுதல். தொடக்க மாதங்களில் கையும் மேலாக இயங்கியது. ஓராண்டு முடிவில் அசைவிலும் வலியிலும் கட்டுப் போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 60 வயதைக் கடந்த 166 பேரிடம் நடந்த சோதனையும் 2021இல் ஏறக்குறைய இதையே சொன்னது. கோணல் மிகுந்த முறிவுக்கும், ஒரே கையை நம்பித் தனியே வாழ்பவருக்கும் அறுவை தேவைப்படலாம். அது ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு.

அறுவையை ஆராய்ந்த அளவுக்குக் கைப் பயிற்சியை யாரும் ஆராயவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இத்தகைய மறுவாழ்வு முறைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட 2015 காக்ரேன் தொகுப்பில் 26 சோதனைகள் இருந்தன. பங்கேற்ற 1,269 பேரில் பெரும்பாலோர் வயதான பெண்கள். எந்த முறை சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல அவை போதவில்லை. இருந்தும் சிகிச்சையாளர்கள் கட்டுப் போட்ட அன்றே சொல்லித்தருபவை கடினமானவை அல்ல: கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வீக்கத்தை வடிப்பது, விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் வளைத்து, முழுதாக மூடித் திறப்பது, கழுத்தில் தொங்கும் துணியிலிருந்து கையை எடுத்துத் தோளை அடிக்கடி உயர்த்துவது. 'கட்டை அவிழ்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பாட்டிக்கு, ஆறு வாரங்கள் கழித்து மணிக்கட்டோடு விரல்களும் தோளும் சேர்ந்தே விறைத்திருக்கக்கூடும்.