திண்ணைக்கு அனுமதிச் சீட்டு

நம் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் ஒரு நியாயத்தை அவர்கள் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதி வைத்துப் போனார்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அதற்கு உள்ளே கூடம். அதற்கும் உள்ளே சமையலறை. திண்ணையில் வழிப்போக்கன் உட்கார்ந்து இளைப்பாறலாம். அவனுடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. கூடத்துக்குள் வர வேண்டுமானால் தெரிந்தவனாக இருக்க வேண்டும். சமையலறை வீட்டாருக்கு மட்டும். திண்ணையிலேயே சாதி பார்த்த வீடுகளும் உண்டு; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அது திண்ணையின் குற்றமல்ல, வீட்டுக்காரரின் குற்றம்.

இந்தக் காலத்தில் திண்ணைகளை இடித்துவிட்டோம். ஊர்வம்பு, விளம்பரம், அரசாங்க அறிவிப்பு, கவிதை, கல்யாணப் படம் எல்லாம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற சமூக வலைத்தளங்களுக்குக் குடிபோய்விட்டன. அங்கே ஒரு விசித்திரம். யாரோ ஒருவர் உலகத்துக்கெல்லாம் தெரியட்டும் என்று எழுதி வைத்ததைப் படிக்கப் போனால், இரண்டு வரி படிப்பதற்குள் ஒரு திரை வந்து விழுகிறது. “முதலில் அங்கத்தினராகச் சேரும், பிறகு படியும்” என்கிறது. சேருவதற்குக் காசு வேண்டாம். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் இவற்றைக் கொடுத்தால் போதும்.

இது சரிதானா? படிப்பதற்கு அங்கத்தினர் ஆகத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வி ஏதோ நேற்றுப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஏறக்குறைய முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இது ஒரு சிறிய ஊரில் எழுந்து, அங்கே அதற்கு ஓர் அழகான விடையும் கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற ஊர். அங்கே பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற இளைஞர் அச்சாபீஸ் நடத்திவந்தார். பின்னால் மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தாரே, அதே பிராங்க்ளின்தான். 1727-ல் அவரும் அவரைப் போன்ற சில தொழிலாளி நண்பர்களும் சேர்ந்து, வாரம் ஒரு மாலை கூடிப் பேசுவதற்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். விவாதம் என்று வந்தால் ஆதாரம் காட்டப் புத்தகம் வேண்டும் அல்லவா? அவரவர் வீட்டிலிருந்த புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரே அறையில் அடுக்கினார்கள். சரியான பராமரிப்பு இல்லாமல் அந்த ஏற்பாடு விரைவிலேயே கலைந்துபோயிற்று. அவரவர் புத்தகத்தை அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிராங்க்ளின் சோர்ந்துவிடவில்லை. 1731-ல் ஒரு சந்தாப் புத்தகசாலை தொடங்கினார். ஐம்பது பேர் சேர்ந்தார்கள். சேரும்போது ஆளுக்கு நாற்பது ஷில்லிங். பிறகு வருஷத்துக்குப் பத்து ஷில்லிங். கடைக்காரர்களுக்கும் கைத்தொழில் செய்பவர்களுக்கும் அது சின்னத் தொகை அல்ல. அந்தப் பணத்தைக் கொண்டு லண்டனிலிருந்து புத்தகங்கள் தருவித்தார்கள்.

மறு வருஷம் ஒரு புத்தகசாலைக்காரரை நியமித்தபோதுதான் நம்முடைய கேள்வி எழுந்தது. சந்தா கட்டாதவன் ஒருவன் உள்ளே வந்து புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பணம் போட்டவர்கள் அந்த ஐம்பது பேர். “எங்கள் காசு, எங்கள் புத்தகம், வெளியே போ” என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. ஆனால் அவர்கள் செய்த ஏற்பாடு வேறு. மரியாதையாக நடந்துகொள்ளும் கனவான் எவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கத்தினர்களுக்கு உரியது. எடுத்துப் போகிற அங்கத்தினரும், திருப்பித் தராவிட்டால் இரண்டு பங்கு விலை கொடுப்பதாகச் சீட்டு எழுதித் தர வேண்டும்.

எவ்வளவு சுருக்கமான தீர்ப்பு, பாருங்கள்! பார்ப்பது வேறு, எடுத்துப் போவது வேறு. ஒருவன் பார்ப்பதால் புத்தகம் குறைந்துபோவதில்லை. ஆகையால் அதற்குச் சந்தா இல்லை. எடுத்துப் போனால் மற்றவனுக்கு இல்லாமல் போகிறது. ஆகையால் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும், பெயர் கொடுக்க வேண்டும்.

அந்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. ‘கனவான்’ என்ற ஒரு சொல் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்! அந்த ஊரிலேயே அடிமைகள் இருந்தார்கள். பிராங்க்ளினின் வீட்டிலும் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வெளிவந்தன. ஆகவே கதவு முழுவதும் திறந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதியாவது திறந்த கதவைப் பின்னால் வருகிறவன் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். சாத்திப் பூட்டிய கதவை என்ன செய்ய முடியும்?

அப்படித் தள்ளியவர்கள் இங்கிலாந்தில் தோன்றினார்கள். 1850-ல் வில்லியம் எவார்ட் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் பொதுப் புத்தகசாலைச் சட்டத்தை நிறைவேற்றினார். ஓர் ஊரார் தங்கள் வரியில் பவுனுக்கு அரைப் பென்னி வீதம் ஒதுக்கிப் புத்தகசாலை வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். எதிர்ப்பு இல்லாமலா? கர்னல் சிப்தார்ப் என்ற அங்கத்தினர், தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று சபையிலேயே சொன்னார். அவருடைய நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். மற்றவர்கள் வரிச்சுமை என்றும், படித்தால் தொழிலாளிகள் கெட்டுவிடுவார்கள் என்றும் சுற்றி வளைத்துப் பேசினார்கள்.

1852 செப்டம்பரில் மான்செஸ்டர் நகரத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் இலவசப் புத்தகசாலை திறந்தபோது, சார்லஸ் டிக்கன்ஸும் தாக்கரேயும் விழாவுக்கு வந்திருந்தார்கள். பேச எழுந்த தாக்கரேயினால் பேச்சை முடிக்கவே முடியவில்லையாம். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் அது எனக்கு நன்றாகப் புரிகிறது. தன் புத்தகத்தை விலை கொடுத்து வாங்க முடியாதவன் ஒருவன், யாரிடமும் கையேந்தாமல் அதைப் படிக்கப் போகிறான் என்று தெரிந்தால் எந்த எழுத்தாளனுக்குத்தான் தொண்டை அடைக்காது?

அந்தக் காற்று சென்னைக்கும் வந்தது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகப் புத்தகசாலைக்குத் தலைவரானார். அந்த வருஷமே லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே ஊர்தோறும் பொதுப் புத்தகசாலைகள் நடக்கும் விதத்தைக் கண்டார். ‘இதை நம் ஊரில் செய்தாலென்ன?’ என்ற ஏக்கத்தோடு திரும்பினார். 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கினார்கள்.

இன்றைக்கும் நம் ஊர்க் கிளை நூலகத்தில் நடப்பது என்ன? உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டலாம். சில இடங்களில் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் அங்கத்தினராக வேண்டும். அதாவது, பிலடெல்பியாவின் பழைய தீர்ப்புதான்! பத்திரிகை படிக்கும் கிழவர் அரசியல் பக்கத்தைப் படித்தாரா, சினிமாப் பக்கத்தைப் படித்தாரா என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

இப்பொழுது சமூக வலைத்தளத்துக்கு வருவோம். பேஸ்புக் 2004-ல் ஹார்வர்டு கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. அப்போது அது கூடம். கதவு இருந்தது நியாயமே. 2006 செப்டம்பரில் பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று திறந்தார்கள். ட்விட்டர் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் திண்ணையாக இருந்தது. கணக்கு இல்லாதவனும் வந்து படித்தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள், எங்கே சோறு கிடைக்கும் என்ற சேதிகள் இந்தத் தளங்களின் வழியாகத்தான் பறந்தன.

அந்த ட்விட்டர் 2023 ஜூன் 30-ஆம் தேதி திண்ணைக்குக் கதவு போட்டது. கணக்கு இல்லாதவர் ஒரு பதிவையும் பார்க்க முடியாது என்றார்கள். மறுநாள் கணக்கு உள்ளவர்களுக்கும் அளவு வைத்தார்கள்: சரிபார்க்கப்பட்டவருக்கு ஒரு நாளைக்கு 6,000 பதிவுகள், மற்றவர்களுக்கு 600, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 300. இயந்திரங்கள் கூட்டம் கூட்டமாக வந்து எழுத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பவே அளவுகளை உயர்த்தினார்கள். சில நாட்களில் தனிப் பதிவுகளை மறுபடியும் எல்லோரும் பார்க்க விட்டார்கள். ஆனாலும் பழைய திண்ணை முழுதாகத் திரும்பி வரவில்லை.

என் மருமான் ஒருவன் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“மாமா, நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த இயந்திரங்களுக்குக் கரண்டு யார் கட்டறது? வர்றவன் யாருன்னு தெரிஞ்சாத்தானே விளம்பரம் போட முடியும்?” என்றான்.

“பிராங்க்ளினுக்கும் புத்தகத்துக்குக் காசு ஆகத்தானே செய்தது?” என்றேன்.

“அவர் அறைக்குள்ள பத்துப் பேர் வந்திருப்பாங்க. இங்கே ஒரு நிமிஷத்துல லட்சம் பேர். அதுல பாதி இயந்திரம். அது மட்டுமில்லே, மாமா. ஒரு பொண்ணு தன் படத்தைப் போடறா. எவன் எவனோ பேரே இல்லாம வந்து பாத்துட்டுப் போறதை நீங்க சரின்னு சொல்வீங்களா?”

கெட்டிக்காரப் பையன். அவனுடைய கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் அவளுடைய கூடம். அங்கே யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கே உண்டு. கம்பெனிக்கும் இல்லை, வெளியாருக்கும் இல்லை. இயந்திரக் கொள்ளைக்காரனைத் தடுப்பதும் நியாயமே. புத்தகசாலையில் அலமாரியோடு தூக்கிக்கொண்டு போகிறவனை யாரும் வாசகன் என்று சொல்வதில்லை. ஆனால் திருடன் வருகிறான் என்பதற்காக வாசகசாலைக்குள் வருகிற ஒவ்வொருவனையும் ரேகை வைக்கச் சொல்வது எப்படி நியாயமாகும்?

ஏனென்றால் இங்கே சந்தா என்பது பணம் அல்ல. நம்மைப் பற்றிய சேதிதான். எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், அடுத்து எங்கே போனோம் என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. பிராங்க்ளினின் அங்கத்தினர் பத்து ஷில்லிங் கட்டியதும் கணக்குத் தீர்ந்தது. நம்முடைய கணக்கோ தீர்வதே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். கையில் பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. ஒரு முறை இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராது என்று ஓர் அலுவலகம் அறிவித்தது. எங்கே? தன் சமூக வலைத்தளப் பக்கத்தில்! பாட்டியம்மாள் காலிக் குடத்தோடு குழாயடியில் நின்றார். “எல்லாருக்கும் சொல்லியாச்சாமே, எனக்கு மட்டும் ஏன் சொல்லலே?” என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இதற்கும் பழைய சரித்திரம் இருக்கிறது. ரோமாபுரியில் எந்த நாளில் வழக்குத் தொடரலாம், எந்த நாளில் கூடாது என்பது புரோகிதர்களுக்கும் அவர்களைச் சேர்ந்த பிரபுக்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. சாமானியன் நாள் கேட்டு அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். கி.மு. 304-ல் கினேயஸ் பிளேவியஸ் என்பவர் நகரத்து அதிகாரியானார். அவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவரின் மகன். அந்த நாள்காட்டியை வெள்ளைப் பலகைகளில் எழுதி, நகரத்தின் பொதுச் சதுக்கத்தைச் சுற்றி வைத்துவிட்டார்! இப்படிப்பட்டவன் பதவிக்கு வந்துவிட்டானே என்ற கோபத்தில் பிரபுக்களில் பலர் தங்கள் பொன் மோதிரங்களைக் கழற்றிவிட்டார்கள் என்று ரோமச் சரித்திராசிரியர் லிவி எழுதியிருக்கிறார். பலகையைப் படிக்க யாரும் எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியிருக்கவில்லை.

நம் காலத்து அதிகாரிகள் அந்தப் பலகையை எடுத்துக் கொண்டுபோய்த் தனியார் வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். கூடத்துக்காரன் எந்த நாளில் கதவைச் சாத்துவானோ, அவனுக்கே வெளிச்சம். இந்த விஷயத்தில் கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் தன்னுடைய சொந்தத் தளத்திலும், அறிவிப்புப் பலகையிலும், யாரும் பெயர் சொல்லாமல் படிக்கும்படி வைத்துவிட்டு, பிறகு எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் போடட்டும். கம்பெனிகளும், எழுதியவரே ‘இது எல்லோருக்கும்’ என்று சொல்லித் திறந்து வைத்ததை, எல்லோருக்கும் காட்டட்டும். பதில் எழுதவும், சண்டை போடவும், நண்பர்களைச் சேர்க்கவும் பெயர் கேட்கட்டும். அதற்கு நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன்.

ஐம்பது கைத்தொழிலாளிகள், சொந்தக் காசு போட்டு வாங்கிய புத்தகத்தை, சந்தா கட்டாதவனும் உட்கார்ந்து படிக்கட்டும் என்று விட்டார்கள். அந்த அறையில் படித்தவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. படாமல் இருப்பதே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.