பல் சிகிச்சைக்கு முந்தைய தடுப்பு ஆன்டிபயாட்டிக்

உடலில் செயற்கை உறுப்பு பொருத்தப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கும்போதோ ஈறைச் சுத்தம் செய்யும்போதோ வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து அந்த உறுப்பில் தங்கிவிடாமலிருக்க முன்கூட்டியே கொடுக்கப்படும் ஒரே வேளை மருந்து இது. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு இது அவசியம். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை.

பல் பிடுங்கியதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் சற்று நேரம் இரத்தத்தில் உலவுவதை லண்டனில் ஓக்கெல், எலியட் இருவரும் 1935இல் காட்டினார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 1955இல் தடுப்பு மருந்தைப் பரிந்துரைத்தது. ஆனால் தினமும் பல் துலக்கும்போதும் சோற்றை மெல்லும்போதும்கூடக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கத்தான் செய்கின்றன. ஆகவே 2007இல் அச்சங்கம் பட்டியலைச் சுருக்கியது. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி (எண்டோகார்டைட்டிஸ்) வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், மாற்று இதயம் பெற்று அதில் வால்வு பழுதானவர்கள் ஆகியோருக்கு மட்டும் மருந்து போதும் என்றது. ஸ்டென்ட், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் வரமாட்டார்கள்.

பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அசித்ரோமைசின் அல்லது டாக்சிசைக்ளின் தரலாம். கிளிண்டாமைசின் 2021இல் கைவிடப்பட்டது. நம் நாட்டுக்கென ஒரு சிக்கலும் உண்டு. இங்கே வால்வு கெடுவதற்கு முடக்குக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) பெரிய காரணம். அதற்காக மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவர்களின் வாயில் அம்மருந்துக்குப் பணியாத கிருமிகள் இருக்கக்கூடும். அவர்களுக்கு வேறு வகை மருந்தே பொருத்தம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு போன்ற உலோக வால்வு உள்ளவர்கள் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் சாப்பிடுவார்கள். பல் பிடுங்க வேண்டுமென்று அதைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மூட்டு விஷயத்தில் பரிந்துரைகள் முன்னும் பின்னுமாக மாறின. மூட்டு மாற்றிய முதல் இரண்டு ஆண்டு மருந்து தரலாம் என்றிருந்ததை, அமெரிக்க எலும்பு மருத்துவர் அகாதமி 2009இல் ஆயுள் முழுக்க என நீட்டியது. மறு ஆண்டே மேயோ கிளினிக், மூட்டில் சீழ் பிடித்த 339 பேரையும் பிடிக்காத 339 பேரையும் ஒப்பிட்டு, பல் சிகிச்சைக்கும் மூட்டுத் தொற்றுக்கும் தொடர்பில்லை என்று கண்டது. 2015இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பொதுவாக வேண்டாம் என்றது. பிரெஞ்சு வழிகாட்டுதலும் அப்படியே. மூட்டைத் தாக்குவது பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ். வாய்க் கிருமி அல்ல. கட்டுப்படாத சர்க்கரை, நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு, முன்பே மூட்டில் தொற்று என்றிருந்தால் மட்டும் அறுவை செய்த மருத்துவர் தனியாக யோசிப்பார்.

யாருக்கு இந்த மருந்து வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது காரைக்காலில் நடைமுறைப் பிரச்சினை. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே, புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற, 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. இதய அறுவைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போனவர், பல் வலித்தால் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான் வருவார். இங்குள்ள பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்களில், பிரான்சில் மூட்டு மாற்றிக்கொண்டு ஊர் வருபவர்களின் குறிப்பு பிரெஞ்சில் இருக்கும். வால்வு வைத்தவர் அதைச் சொல்லாமல் விட்டால் தேவையான மருந்து கிடைக்காது. மூட்டு மாற்றியவர் பயந்து கேட்டால் தேவையற்ற மருந்து எழுதப்படும். பின்னது சிறு பிழை அல்ல. ஒவ்வாமை, கடும் வயிற்றுப்போக்கு, மருந்துக்கு மசியாத கிருமிகள் என்று அதற்கும் விலை உண்டு.

வால்வோ மூட்டோ வைத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருமுன் அதைக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை பல்லையும் ஈறையும் காட்டி வாருங்கள்; எந்தத் தடுப்பு மாத்திரையைவிடவும் செயற்கை வால்வுக்கு அதுவே பெரிய காவல்.